ரயில் யாரையும் வீசுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓடும் லோக்கல் ரயிலில் இருந்து இறங்கி யாராவது விழுந்துவிட்டால், நம் பத்திரிகைச் செய்தியில் தவறாமல் ஒரு வரி வந்துவிடுகிறது: ‘ரயிலின் வேகம் அவரைத் தூக்கி வீசியது.’ நான் சயான் கோலிவாடாவில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவன். ஒரு வாரம் தொண்டை வறளக் கத்தி நிலைமம் (வெளியே இருந்து ஒரு விசை மாற்றாத வரை நிற்கிற பொருள் நின்றபடியும், ஓடுகிற பொருள் அதே வேகத்தில் நேராக ஓடியபடியும் இருக்கும் குணம்) என்றால் என்ன என்று புரியவைக்கிறேன், நீங்கள் ஒரே வரியில் கலைத்துவிடுகிறீர்கள்.

ரயில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கதவோரம் நிற்பவரும் அதே 36-இல்தான் போய்க்கொண்டிருக்கிறார். பிளாட்பாரத்தில் காலை வைத்ததும் உராய்வு செருப்பைப் பிடித்துக்கொள்கிறது, ஆனால் இடுப்புக்கு மேலே இருக்கிற உடம்பைப் பிடிக்க அங்கே ஆளில்லை, அது வந்த வேகத்திலேயே போகிறது, அதனால்தான் ரயில் போன திசையிலேயே குப்புற விழுகிறார். யாரும் தள்ளவில்லை. பழி போட்டே ஆக வேண்டுமென்றால் காலை நிறுத்திய பிளாட்பாரத்தின் மேல் போடுங்கள்! நியூட்டன் 1687-இல் அச்சில் போட்ட முதல் விதி இவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் மும்பை தாதர் ஸ்டேஷனில் வண்டி பிரேக் பிடிக்கும்போது தலைக்கு மேலே பாருங்கள். தொங்குகிற கைப்பிடிகள் அத்தனையும், யாரும் பிடிக்காதவைகூட, வரிசையாக முன்பக்கம் சாயும். வண்டி கிளம்பும்போது பின்பக்கம் சாயும். சோதனைச்சாலையே வேண்டாம், தினமும் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறோம்.

ஒரு பையன் கேட்டான், “அப்படின்னா ஓடுற ரயிலுக்குள்ளே குதிச்சா நான் ஏன் சார் பின்னாடி போய் விழலை?” நல்ல கேள்வி. 60 கிலோமீட்டர் வேகத்தில் அவன் அரை நொடி காற்றில் இருந்தால் ரயில் எட்டு மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ஆனால் அவனும் அந்த எட்டு மீட்டரைக் காற்றிலேயே கடந்துவிடுகிறான், அதனால் குதித்த இடத்திலேயே நிற்கிறான்.

சரி, வார்த்தையில் என்ன இருக்கிறது என்பீர்கள். ‘வீசியது’ என்று படிக்கிற இளைஞன், கம்பியை இறுக்கிப் பிடித்து, தெம்பாகக் காலை ஊன்றினால் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறான். 80-இல் வந்த வண்டி 36-க்குக் குறைந்ததும் அவன் கண்ணுக்கு ஊர்கிற மாதிரித் தெரியும். 36 என்பது நொடிக்கு 10 மீட்டர். உசேன் போல்ட் 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினாரே, ஏறத்தாழ அந்த வேகம். விழாமல் இறங்க வேண்டுமென்றால் கால் தரையில் பட்ட நொடியே போல்ட் மாதிரி ஓட வேண்டும், அதுவும் தோளில் பையோடு, ஆபீஸ் நேரக் கூட்டத்துக்கு நடுவே. மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம், ஈரத்தில் உராய்வு குறைந்து காலும் வழுக்கும். (ஓடிக்கொண்டே இறங்கச் சொல்லித் தருகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், வண்டி நிற்கட்டும்.)

அடுத்த தடவை ‘கால் நின்றுவிட்டது, உடம்பு நிற்கவில்லை’ என்று போட்டுப் பாருங்களேன். அதே இடம்தான் பிடிக்கும். என் மாணவன் ஒருவன் பரீட்சையில் ‘ரயிலின் விசை பயணியைத் தூக்கி வீசுகிறது’ என்று எழுதி இரண்டு மார்க்கை விட்டுவிட்டு வந்து நிற்கிறான். ஏண்டா என்று கேட்டால் பேப்பரில் அப்படித்தான் சார் போட்டிருக்கு என்கிறான்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்,
சயான் கோலிவாடா, மும்பை