தண்டவாள மணி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஆதிதிராவிடர் நலத்துறை தனியே நடத்தும் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதில் எனக்கென்ன தயக்கம் என்று கேட்டிருந்தாய். இணைப்பதில் தயக்கமே இல்லை. யாரைக் கேட்டு இணைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. 1989இல் வட ஆற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது உன்னையும் என்னையும் யாரும் கேட்கவில்லை. அதனால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. பள்ளி அப்படியல்ல.

2023ஆம் ஆண்டுத் தமிழக நிதிநிலை அறிக்கையில் இணைப்பு பற்றிய அறிவிப்பு வந்தது. நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனைச் சக மாணவர்கள் சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழுவும் 2024 ஜூனில் இணைப்பைப் பரிந்துரைத்து, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்றது. குடியாத்தத்தை அடுத்த எங்கள் ஊரில் காலனிக்கு ஒரு பள்ளி, ஊருக்கு ஒரு பள்ளி. நடுவில் ஓர் ஏரிக்கால்வாய்தான். இணைப்பு வந்தால் என்ன செய்வது என்று சென்ற மாதம் இரு பள்ளிப் பிள்ளைகளையும் புங்கமரத்தடியில் உட்காரவைத்துக் கேட்டோம். சமத்துவம் பற்றிப் பேச நான் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "எங்க ஸ்கூல் மணியையும் கொண்டாருவீங்களா, எடைக்குப் போட்டுருவீங்களா?" என்றாள். மணி என்பது கம்பியில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அவள் தாத்தா படித்த காலத்திலிருந்தே அடிக்கப்படுவது. ஊர்ப் பையன் ஒருவன், சத்துணவுத் தட்டுகளை ஒன்றாகத்தான் அடுக்குவார்களா என்றான். ஆசையில் கேட்டானா அச்சத்திலா, எனக்குப் புரியவில்லை.

ஆசிரியர்களின் கவலை வேறு. தலைமையாசிரியர் இருவர், நாற்காலி ஒன்று. பணிமூப்புப் பட்டியல்களோ துறைக்கொன்று. இதைச் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுப் பிரௌன் தீர்ப்புக்குப் பின் தென்மாநிலங்களில் பள்ளிகளை இணைத்தபோது பெரும்பாலும் மூடப்பட்டவை கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளே. கறுப்பின ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தார்கள். மாணவர் சேர்க்கையோடு ஆசிரியர், பணியாளர், பேருந்து, கட்டடம், பாடம்சாராச் செயல்பாடுகள் ஆகியவற்றிலும் பிரிவினை ஒழிய வேண்டும் என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1968இல் கிரீன் வழக்கில் தெளிவாக்கியது. அதற்குள் எத்தனை தலைமையாசிரியர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்!

பள்ளி மேலாண்மைக் குழுவில் அடுத்த கூட்டத்தையும் பிள்ளைகளை வைத்தே நடத்தப் போகிறோம். தண்டவாளத்தை எங்கே கட்டுவது என்பதுதான் முதல் பொருள். பணிமூப்பு விதிகளில் நீ கைதேர்ந்தவன். இரண்டு பட்டியல்களை யாருக்கும் நட்டமில்லாமல் சேர்க்க வழியுண்டா என்று எழுது. கூட்டத்துக்கு முன் வந்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்