முள்ளங்கியைத் தூவச் சொன்னால் போதாது, கலைக்கவும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுத்தோட்டம் பற்றி உங்கள் நாளிதழில் வருவதை விடாமல் படிப்பவன் நான். எங்கே பார்த்தாலும் தொட்டி முள்ளங்கியைப் பற்றி ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்ற பயிர், விதையைத் தூவித் தண்ணீர் விட்டால் போதும், ஒரே மாதத்தில் அறுவடை என்று. ஒரு மாதக் கணக்கு சின்ன உருண்டை ரகங்களுக்குச் சரிதான், 25 முதல் 30 நாளில் பிடுங்கிவிடலாம். நீளமான வெள்ளை முள்ளங்கிக்கு 45 முதல் 60 நாள் வரை ஆகும். ஆனால் அந்தத் தூவினால் போதும் என்ற பேச்சை நம்பியவர்கள் கடைசியில் பார்ப்பது என்ன? தொட்டி நிறைய தழை, அடியில் எலிவால் மாதிரி ஒரு வேர். நமக்குக் கைராசி இல்லை என்று முடிவுகட்டி, தொட்டியையே ஓரங்கட்டிவிடுகிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

கோளாறு பெரும்பாலும் நெருக்கத்தில்தான் இருக்கிறது. விதை போட்ட மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். இதய வடிவில் இரண்டு விதையிலைகள் முதலில் விரியும், அப்புறம் நடுவிலிருந்து சொரசொரப்பான நிஜ இலை எட்டிப் பார்க்கும். கலைத்து விட, அதாவது நெருக்கமாக முளைத்ததில் சிலவற்றை எடுத்துவிட வேண்டிய நேரம் அதுதான். உருண்டை ரகத்துக்குச் செடிக்குச் செடி 5 சென்டிமீட்டர், நீள ரகத்துக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, நல்ல திடமான நாற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். அதையும் பிடுங்கக் கூடாது, பக்கத்துச் செடியின் வேர் ஆடிவிடும். சின்னக் கத்தரிக்கோலால் மண்ணை ஒட்டி நறுக்கினால் போதும். உயிரோடு இருக்கிற செடியை வெட்ட யாருக்கும் மனசு வராது, புரிகிறது. வெட்டாமல் விட்டால் ஒன்றும் பருக்காது. நறுக்கிய நாற்று வீணும் இல்லை, அப்படியே சாப்பிடலாம். கலைத்த நாற்றை வேறு தொட்டியில் நடலாமே என்று கேட்பார்கள், வேண்டாம்: ஆணிவேர் கொஞ்சம் மடங்கினாலோ அறுந்தாலோ கிழங்கு கோணலாகும், இரண்டு மூன்று காலாகப் பிரியும்.

தொட்டியின் அகலத்தைவிட ஆழம் முக்கியம் என்பதையும் எழுதுங்கள். உருண்டைக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் போதும், நீள முள்ளங்கிக்கு 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சரிப்படாது. பழைய வாளி என்றாலும் பரவாயில்லை, அடியில் துளை இருந்தால் சரி. மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், கல் கட்டி இருக்கக் கூடாது. மக்காத எருவைப் போட்டால் வேர் கிளைத்துவிடும், நன்றாக மக்கியதே வேண்டும். இலை செழிப்பாக இல்லையே என்று தழைச்சத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களும் இருக்கிறார்கள். தழை நன்றாகத்தான் வரும், கிழங்குதான் வராது. தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் படாத இடத்திலும் இதே கதைதான்.

தண்ணீர் விஷயத்தில் தொட்டியை நிலத்தோடு ஒப்பிடவே முடியாது, அவ்வளவு சீக்கிரம் காயும். நாள் கணக்கு பார்க்காமல் விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுவதுதான் சரி. காயவிட்டுக் காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். ஈரமே போதவில்லை என்றால் காரம் ஏறி நாராகிவிடும்.

இன்னொன்று, முள்ளங்கி குளிர்ச்சியை விரும்பும் பயிர். 10 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் உருண்டை ரகங்கள் அருமையாக வரும், வெப்பம் ஏற ஏறப் பூத்தண்டு கிளம்பிவிடும். வெப்பத்தைத் தாங்கும் ரகங்களும் இருக்கின்றன, எந்தப் பருவத்துக்கு எந்த ரகம் என்று விதைப் பொட்டலத்தில் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பூத்துவிட்டால் அந்தச் செடியில் கிழங்கை எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் பிஞ்சுக் காய்களைச் சாப்பிடலாம், மொறுமொறுவென்று நன்றாகவே இருக்கும்.

கிழங்கின் தோள், அதாவது அதன் மேல்பகுதி, மண்ணுக்கு மேலே தெரிய ஆரம்பித்ததும் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்து, சரியாக இருந்தால் மற்றதையும் எடுத்துவிடலாம். இன்னும் பெரிதாகட்டும் என்று விட்டுவைத்தால் உள்ளே பஞ்சாகிவிடும். எடுத்த உடனே இலையை நறுக்கித் தனியாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இலை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி அதை வதக்கிவிடும்.

இவ்வளவையும் ஒவ்வொரு முறையும் அச்சிட இடம் இருக்காது, தெரியும். ஆழம், கலைத்தல், தண்ணீர், இந்த மூன்றையாவது அடுத்த தடவை முள்ளங்கி பற்றி வரும்போது சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்