நல்ல காத்து அடிக்கிற இடத்துல பழைய காத்தாடி எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கார்பன் கூடுறதுக்கு ஜனத்தொகையும் மக்கள் கையில காசு பொழங்குறதும்தான் காரணம்னு பலரும் எழுதுறாங்க. அது தப்புன்னு சொல்லல, ஆனா ஒரு யூனிட் கரண்ட் எதுல இருந்து வருதுங்கறத விட்டுட்டா அந்த கணக்கு பாதிதான். தலைக்குன்னு பாத்தா நம்ம நாட்டோட கார்பன் உலக சராசரில பாதிக்கும் கம்மி, இதுல புதுசா ஃபிரிட்ஜ் வாங்குற குடும்பத்த குத்தம் சொல்றது நியாயமே இல்ல. நாட்டோட கரண்ட்ல கிட்டத்தட்ட முக்கால்வாசி நிலக்கரில வருது, அதுலயும் நெய்வேலி பழுப்பு நிலக்கரி ஈரம் ஜாஸ்தி, சூடு கம்மி, ஒரு யூனிட்டுக்கே ஒரு கிலோவுக்கு மேல கார்பன் டை ஆக்ஸைடு வெளிய போகுது.

மாத்து நம்ம கிட்டயே இருக்கு. கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழி கணவாய்ல மே மாசம் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் அடிக்கிற காத்து மாதிரி நாட்டுல ரொம்ப சில இடத்துலதான் கிடைக்கும், ஆனா அங்க முப்பந்தல்ல போய் பாருங்க, கரண்ட் எடுக்க 90கள்ல வச்ச 225, 250 கிலோவாட் காத்தாடிங்க (காற்றாலைங்க) இன்னும் சுத்திட்டு இருக்கு, இப்ப வர்ற மெஷின் ஒண்ணே 2000 கிலோவாட்டுக்கு மேல.

ஏன் மாத்தலன்னா எல்லாம் பணக்கணக்குதான். அப்ப கோவை, திருப்பூர் மில்காரங்க நிறைய பேர் வச்சாங்க, காத்தாடி வச்ச வருஷமே முழு விலையையும் தேய்மானம்னு வரி போடுற வருமானத்துல அப்ப கழிச்சுக்க முடிஞ்சது. மெஷின வச்சா சலுகை, அது எவ்வளவு கரண்ட் எடுக்குதுன்னு யாரும் கேக்கல. போட்ட காசு எப்பவோ வந்தாச்சு, இனி ஓடுற ஒவ்வொரு நாளும் லாபம்தான, அப்புறம் யாரு கோடிக்கணக்குல கடன் வாங்கி புதுசு வைப்பாங்க? பெரிய மெஷினுக்கு இடைவெளி அதிகம் வேணும், அதுக்கு அக்கம்பக்கத்து ஓனர்ங்க எல்லாரும் ஒத்து வரணும், போதாததுக்கு காத்து சீசன்ல எடுத்த கரண்ட்ட மின்வாரியத்துல வரவு வச்சு அப்புறம் எடுத்துக்கற பேங்கிங் வசதி போயிடுமோங்கற பயம் வேற. அவங்கள பேராசைக்காரங்கன்னு திட்டி பிரயோஜனம் இல்ல, அந்த நிலைமைல யாரா இருந்தாலும் அதத்தான் செய்வாங்க.

பழைய காத்தாடிய மாத்துறதுக்குன்னு 2024ல தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு, நல்லதுதான். ஆனா சின்ன ஓனர்ங்க சேந்து ஒரே பெரிய மெஷின் வச்சு அதுல பங்கு எடுத்துக்க வழி பண்ணணும், பேங்கிங்க பத்தி பல வருஷத்துக்கு மாறாத உறுதி கொடுக்கணும். சீசன்ல லைன் தாங்காதுன்னு ஓடுற காத்தாடிய நிறுத்தச் சொல்றாங்களே, அது மனசு பொறுக்கல. மொதல்ல லைன பலப்படுத்துங்க, காத்து கரண்ட எடுத்துக்கிட்டு அந்த நேரத்துல நிலக்கரி யூனிட்ட குறைங்க.

இப்படிக்கு,
வாசகர், வள்ளியூர்