பகீரதன் பிறந்த கதை

அன்புள்ள தம்பிக்கு,

நீ இன்னொரு பையனைக் காதலிப்பதாகச் சொல்லிவிட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது. அன்று ராத்திரி அடுப்படியில் நின்றபடி நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இதெல்லாம் நம்ம மண்ணுலயே இல்லாத பழக்கம், எங்கிருந்து பிடிச்சிட்டு வந்தே?" நீ பதில் பேசவில்லை. விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாய். 31 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டோமே என்று மனசு அறுத்துக்கொண்டே இருந்தது. அப்புறம் படிக்க உட்கார்ந்தேன்.

உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவதைப் பகீரதப் பிரயத்தனம் என்று தினமும் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பகீரதன் யாருக்குப் பிறந்தான் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. 15-ஆம் நூற்றாண்டுக் கிருத்திவாசரின் வங்காள இராமாயணத்துச் சில சுவடிகளில் இப்படி வருகிறது. திலீப மகாராஜா வாரிசு இல்லாமல் இறந்துபோகிறான். திருமால் பிறக்க வேண்டிய குலம் அற்றுவிடுமே என்று தேவர்களுக்குக் கவலை. சிவன் திலீபனின் இரண்டு ராணிகளிடமும் வந்து, உங்களில் ஒருத்திக்கு என் அருளால் பிள்ளை பிறக்கும் என்கிறார். அந்த இரண்டு கைம்பெண்களும் ஒருவர்மேல் ஒருவர் பெருங்காதலோடு கூடி வாழ்கிறார்கள். ஒருத்தி கருவுறுகிறாள்.

பிள்ளை எலும்பில்லாமல் பிறக்கிறது. அழுதுகொண்டே வழியோரம் கிடத்துகிறார்கள். அந்தப் பக்கம் அஷ்டாவக்கிரர் வருகிறார். எட்டுக் கோணல் உடம்பு அவருக்கு. குழந்தை நெளிவதைப் பார்த்ததும், தன்னைப் போல நடித்துக் காட்டுகிறதோ என்று சந்தேகம். "நீ என்னைக் கேலி செய்தால் அழிந்துபோ. உன் உடம்பே இப்படித்தான் என்றால் நலமாக எழுந்திரு" என்கிறார். குழந்தை எழுந்து நிற்கிறது. கங்கையைப் பூமிக்குக் கொண்டுவந்தது அந்தப் பிள்ளைதான். படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்த நேரத்திலும் அந்த முனிவர் இரண்டையும் யோசித்துப் பேசினார். நான் ஒன்றைத்தான் யோசித்தேன்.

பழைய காலத்தில் எல்லாரும் கொண்டாடினார்கள் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அர்த்தசாஸ்திரம் இதற்கு அபராதம் போடுகிறது, மனு பிராயச்சித்தம் சொல்கிறார். ஆனால் காமசூத்திரம் ஆணோடு ஆண் கூடுவதைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசவேண்டிய விஷயமாக வாத்ஸ்யாயனர் அதை நினைக்கவில்லை.

ஆயுள் தண்டனை வரை போடும் சட்டம்தான் வெளியிலிருந்து வந்தது. 1860-இல் வெள்ளைக்காரர்கள் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. "இயற்கைக்கு மாறானது" என்று நாம் பேசுகிறோமே, அது அந்தச் சட்டத்தின் சொல். எங்கிருந்து பிடித்துவந்தாய் என்று உன்னைக் கேட்டேன். பிடித்துவந்ததை வாயில் வைத்திருந்தது நான்தான் தம்பி.

பிசிராந்தையாரை எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! கண்ணால் பார்த்தேயிராத கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருக்கிறான் என்று பாண்டிய நாட்டிலிருந்து கிளம்பிப்போய்த் தானும் உயிர்விட்டவர். அவர்களைக் காதலர்கள் என்று நான் சொல்ல வரவில்லை, புறநானூற்றில் அப்படி இல்லை. ஆனால் அந்தப் பாட்டை நடத்தும்போது குரல் கம்மிப்போகிற எனக்கு, என் பிள்ளை இன்னொருவனை உயிராக நினைக்கிறான் என்றதும் அருவருப்பு வந்ததே, அது ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இஸ்மத் சுக்தாய் உருது எழுத்தாளர். 1942-இல் அவர் எழுதிய "லிஹாஃப்" கதையில் நவாப் வீட்டு பேகமும் அவளுடைய பணிப்பெண்ணும் கூடுவது வருகிறது. லாகூரில் ஆபாச வழக்குப் போட்டார்கள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. வழக்கும் நிற்கவில்லை.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் விருப்பத்தோடு கூடும் பெரியவர்களை 377-இலிருந்து விடுவித்தது. டிவியில் அந்தச் செய்தி வந்தபோது நான் சேனலை மாற்றினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உங்களிடமும் உங்கள் குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா அந்தத் தீர்ப்பில் எழுதியதை இப்போதுதான் படித்தேன். எனக்கு யாரும் மன்னிப்புச் சொல்ல வேண்டாம். அன்று சேனலை மாற்றியதற்கும் சேர்த்து நான் உன்னிடம் கேட்கிறேன்.

கல்யாணத்துக்கு 2023-இல் அதே நீதிமன்றம் வழிவிடவில்லை என்பதும் தெரியும். அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் 2021-இல், மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இது முழுதாகப் புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு, மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு எழுதினார். உங்களை மாற்றுகிறேன் என்று செய்யும் வைத்தியத்துக்கும் அதில் தடை போட்டார். ஒரு நீதிபதியே அப்படிப் போய் உட்காரும்போது எனக்கென்ன?

அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அதை என்னிடம் விட்டுவிடு. பொங்கலுக்கு வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வா. அன்று நீ அத்தனை சொல்லியும் அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. பெயர் என்ன தம்பி?

அம்மா