நட்ட கன்றுகளின் கணக்கும் பிழைத்த கன்றுகளின் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

பருவநிலை மாற்றத்தால் முதலில் அடிபடும் நாடுகள் தத்தம் காடுகளை மீட்கத் தேசிய அளவில் திட்டம் வகுத்து வருவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை கோடிக் கன்றுகள், எத்தனை லட்சம் ஹெக்டேர், எவ்வளவு நிதி என்பவையெல்லாம் அதில் விரிவாக இருந்தன. நட்டவற்றில் எத்தனை பிழைத்தன என்பது மட்டும் இல்லை. இதைக் கட்டுரையாளரின் குறையாக நான் சொல்லவில்லை. அத்தகைய திட்டங்களிலேயே அந்தக் கணக்குக்குப் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. பரங்கிப்பேட்டைப் பகுதியில் முப்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்தவன் என்ற முறையிலும், பிச்சாவரம் காட்டை அதே காலம் அருகிலிருந்து பார்த்து வருபவன் என்ற முறையிலும் இது பற்றிச் சிலவற்றை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்திருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் (மாங்குரோவ்) காடு, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. படகில் ஏறிச் சுற்றிப் பார்க்கிறவர்கள், இந்தக் காட்டின் ஒரு பகுதி முப்பது ஆண்டுகளுக்கு முன் உப்புப் பூத்த வெட்டவெளியாகக் கிடந்தது என்பதை அறிய வாய்ப்பில்லை. வெள்ளையர் காலம் தொட்டு 1970-கள் வரை இக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து அடியோடு வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் காடு தானாக வளர்ந்துவிடும் என்று நம்பினார்கள்; வளரவில்லை. மாடு மேய்த்தவர்களும் விறகு வெட்டியவர்களும்தான் காரணம் என்று நெடுங்காலம் பழி சுற்றுவட்டாரத்து ஊர்கள்மேல் இருந்தது. ஆராய்ந்து பார்த்தபோதுதான் மண்ணே மாறிப்போயிருந்தது தெரிந்தது. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து இறுகி, தரை தாழ்ந்து, நடுவில் தாம்பாளம்போல் குழிந்துவிட்டது. ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும்போது உள்ளே வந்த கடல்நீர், ஓதம் வற்றும்போது வெளியேற வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் கோடையில் ஆவியாகி உப்பை விட்டுச் சென்றது. வெண்கண்டல் இலையில் பொடிப்பொடியாகப் படிந்திருக்கும் உப்பை என் மாணவர்கள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வேர் வழியே ஏறிய உப்பை இலை வழியே வெளியேற்றத் தெரிந்த மரம் அது. அதற்கே பிழைக்க முடியாத அளவுக்கு அந்த மண்ணில் உப்பு ஏறியிருந்தது.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அந்த வெட்டவெளியை மீட்க முனைந்தபோது முதலில் கையில் எடுத்தது மண்வெட்டியைத்தான். இயற்கையான ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரு பக்கமும் மீன்முள்போல் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள் என்று வெட்டினார்கள். ஓதநீர் நாள்தோறும் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு கழுவப்பட்டது. அதன் பிறகுதான் வாய்க்கால் கரைச் சரிவுகளில் கன்றுகளை நட்டார்கள். இன்று அங்கே நிற்கும் மரங்களுக்கு அடியில், சேற்றுக்கு மேல் நீட்டிக் காற்றை இழுக்கும் மூச்சுவேர்கள் பென்சில்களைக் குத்தி வைத்ததுபோல் அடர்ந்திருக்கின்றன. ஆனால் வாய்க்கால்களில் வண்டல் படிந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது தூர் வாராமல் விட்டால் நீரோட்டம் குறைந்து, பழைய நிலை மெல்லத் திரும்பும். தூர் வாருவதற்கான செலவு எந்தத் திறப்பு விழாவிலும் அறிவிக்கப்படுவதில்லை. திட்டக்காலம் முடிந்ததும் முதலில் நின்றுபோவது அந்தச் செலவுதான்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் எங்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று ஒரே காலைப் பொழுதில் ஆயிரக்கணக்கான சுரபுன்னைக் காய்களை ஊன்ற வைத்தது. மரத்திலிருக்கும்போதே முளைவிட்டு முருங்கைக்காய்போல் தொங்கும் அக்காய்களைச் சேற்றில் செங்குத்தாகக் குத்தினாலே போதும் என்பதால் பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். அந்த நிறுவனத்தார் தேர்ந்தெடுத்த இடமோ, முகத்துவாரத்தை ஒட்டிய தாழ்வான சேற்றுத் திட்டு. வாயில் பறியை (பிடித்ததைப் போடும் கூடையை) கவ்விக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த இருளர் பெரியவர் ஒருவர், பறியைக் கையில் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்து, "சார், இது எப்பவும் தண்ணி நிக்கிற எடம். இங்க ஊனினா அழுகிடும், அந்த மேட்டுல வையுங்க" என்றார். மேட்டில் இடம் குறைவு. குறித்திருந்த எண்ணிக்கை அதில் அடங்காது. நானும் அன்று வற்புறுத்திப் பேசவில்லை. மூன்று மாதத்தில் தண்டுகளைச் சிப்பிகள் அப்பிக்கொண்டன. பாரம் தாங்காமல் பாதி ஒடிந்தன. அடுத்த ஆண்டு போனபோது, தங்கள் கன்றை அடையாளம் காணப் பிள்ளைகள் ரிப்பன் கட்டி நட்டிருந்த குச்சிகள் சில நின்றன, கன்றுகள் இல்லை. நட்ட கன்றுகளின் பட்டியலில் அவை அனைத்தும் ஏற்கெனவே சேர்ந்துவிட்டிருந்தன.

நாடுகள் அளவிலும் இதே தவறு நடந்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் அலையாத்திக் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் அந்நாட்டு ஆய்வாளர்கள் ஒவ்வோர் இடமாகச் சென்று பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில்தான் காடு பிழைத்திருந்தது. சில இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத மண், பொருந்தாத ஓத மட்டம், நட்ட பின் பார்ப்பாரில்லாமை ஆகியவையே காரணங்கள். பிலிப்பைன்ஸில் பல பத்தாண்டுகளாக நடந்த நடவில் பத்துக்கு ஒன்றிரண்டே பிழைத்ததாக அங்குள்ள அறிவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அலையாத்தி இயல்பாக வளரக்கூடிய மேட்டுப் பகுதிகள் மீன் குட்டைகளாகிப் பிறர் கைவசம் போயிருந்தன. தகராறு இல்லாமல் கிடைத்தது கடற்புல் வளரும் தாழ்ந்த சேறு மட்டுமே, அதில் நட்டார்கள். கிள்ளை, பரங்கிப்பேட்டை வட்டாரத்தில் இறால் குட்டைகள் பெருகியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய கதையன்று. காடு எங்கே வளரும் என்ற கேள்விக்கு விடை தேடினால் நிலம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆயினும் இலங்கை அந்தத் தோல்வியை மறைத்து வைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தோல்வியின் காரணங்களை வெளிப்படையாக எழுதி, அறிவியல் அடிப்படையில் புதிய வழிகாட்டு நெறிகளை வகுத்துக்கொண்டதால்தான் 2024-இல் ஐக்கிய நாடுகள் அவை அந்நாட்டின் அலையாத்தி மீட்புப் பணியை உலக முன்மாதிரிகளில் ஒன்றாக ஏற்றது. வங்கதேசம் 1966 முதல் ஆற்று முகங்களில் புதிதாகப் படியும் வண்டல் திட்டுகளில் கடலோரக் காடு வளர்த்து வருகிறது. இடத்தை அறிந்து செய்யும் பணி அது. கடலே இல்லாத நைஜர் நாட்டு உழவர்கள், வெட்டுண்ட மரங்களின் உயிருள்ள அடிக்கட்டையிலிருந்து கிளைக்கும் துளிர்களைக் காத்தே 1980-களின் நடுப்பகுதியிலிருந்து சுமார் 50 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் மரங்களை மீட்டார்கள். வயலில் நிற்கும் மரம் அரசுக்குச் சொந்தம் என்ற நிலை தளர்ந்து, தமக்குப் பயன்படும் என்ற நம்பிக்கை வந்த பிறகே அவர்கள் துளிர்களை வெட்டாமல் விட்டார்கள்.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2030-க்குள் 2 கோடியே 60 லட்சம் ஹெக்டேர் சீர்கெட்ட நிலத்தை மீட்பதாக இந்தியா 2019-இல் உறுதியளித்தது. பருவநிலை மாற்றம் குறித்த பாரிஸ் உடன்படிக்கையின்கீழ், காடுகள் மற்றும் மரங்கள் மூலம் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை ஈர்க்கும் திறனை உருவாக்குவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்த இலக்குகளை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் நம் காட்டுக் கணக்கெடுப்பில் ஒரு ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள நிலத்தில் பத்து விழுக்காடு மரக்கவிகை (மரங்களின் தலைகள் மூடும் பரப்பு) இருந்தால் போதும், அது யாருடைய நிலம், என்ன மரம் என்று பாராமல் காட்டுப் பரப்பில் சேர்ந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் கடலூர் மாவட்டத்துச் சவுக்குத் தோப்பும் முந்திரித் தோப்பும் காடுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்களைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். தாத்தா வைத்த பலாமரத்தை அறுத்து லாரியில் ஏற்றும்போது பார்க்க மனமில்லாமல் வீட்டுக்குள் போய்விட்ட உழவர்களை அறிவேன். அந்தத் தோப்புகள் மக்களின் வாழ்வாதாரம். மீண்டும் வளர்க்கப்பட வேண்டியவை. ஆனால் கடலோரத்தைக் காக்கும் காட்டின் கணக்கில் அவற்றைச் சேர்த்துவிட்டு இலக்கை எட்டிவிட்டோம் என்று சொன்னால், அடுத்த புயலுக்கு அந்தக் கணக்கால் பயனில்லை.

இதைச் சொல்லும்போது மறுபக்க மிகையையும் தவிர்க்க விரும்புகிறேன். சுனாமியின்போது மரங்களின் மறைவில் இருந்த ஊர்கள் குறைவாகச் சேதமடைந்தன என்று நம் மாவட்டத்தை வைத்தே ஆய்வுகள் வந்தன. ஊரின் மேடுபள்ளமும் கடலிலிருந்து அதற்குள்ள தொலைவுமே முதன்மைக் காரணங்கள் என்று வேறு அறிஞர்கள் மறுத்தும் எழுதினார்கள். எனவே அலையாத்தி இருந்தால் சுனாமி வராது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆபத்து. முன்னெச்சரிக்கை, பாதுகாப்பான புகலிடம், உயரமான சாலை ஆகியவற்றுக்கு ஈடாகக் காட்டைக் காட்டக் கூடாது. அன்றாட அலையையும் கரை அரிப்பையும் தணிப்பதிலும், இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் இடம் கொடுப்பதிலும் அதன் பயனைப் பற்றி யாருக்கும் ஐயம் இல்லை. அதுவே அதைக் காக்கப் போதுமான காரணம்.

2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 'மிஷ்டி' திட்டம், ஒன்பது மாநிலங்களிலும் புதுச்சேரி போன்ற ஒன்றியப் பகுதிகள் நான்கிலும் ஐந்தாண்டுகளில் சுமார் 540 சதுர கிலோமீட்டர் பரப்பில் அலையாத்திக் காடுகளை வளர்க்க முனைகிறது. அலையாத்திக்கென்று ஒரு தேசியத் திட்டம் வந்ததே பெரிது. இருந்தும் ஐந்தாண்டு என்பது ஓர் அலையாத்திக் கன்று காடாக நிலைபெறப் போதாத காலம். நடவுக்குரிய தொகையை மட்டும் ஒதுக்காமல், பத்தாண்டுக்கு வாய்க்கால் பராமரிப்பையும் சேர்த்து ஒதுக்க வேண்டும். மூன்றாம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் எத்தனை கன்று பிழைத்தது என்பதை ஊர் வாரியாகத் தமிழில் வெளியிட வேண்டும். இடத்தைத் தேர்வு செய்யும்போது அங்கே தினமும் தொழில் செய்கிற இருளர்களும் மீனவர்களும் உடனிருக்க வேண்டும். அன்று அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்று, பெரும்பாலும் பேசப்படாதது: காட்டுக்கு வரும் நன்னீர். பிச்சாவரத்துக்கு உப்பு மட்டும் போதாது. மழைக்காலத்தில் ஆறுகள் வழியாகவும் கான் சாகிப் வாய்க்கால் வழியாகவும் வரும் நன்னீர் கலந்தால்தான் மரங்கள் செழிக்கும். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பில் சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி.யும் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கென 4 டி.எம்.சி.யும் குறிக்கப்பட்டுள்ளன. கடலில் கலக்கும் தண்ணீரை வீண் என்று சொல்லிப் பழகிவிட்ட நமக்கு அந்த வரி பெரிதாகத் தெரிவதில்லை. மீட்புத் திட்டம் ஓர் அமைச்சகத்திலும் ஆற்றுநீர் இன்னோர் அமைச்சகத்திலும் இருக்கும்வரை, ஒரு கையால் நட்டதை மறு கையால் உலர்த்திக்கொண்டிருப்போம். 2010-இல் கான்கனில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில், பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ப நாடுகள் தம்மைத் தகவமைத்துக்கொள்வதற்கான தேசியத் தகவமைப்புத் திட்டம் என்ற ஏற்பாடு உருவாக்கப்பட்டதன் நோக்கமே, வேளாண்மை, நீர், காடு, கடற்கரை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதுதான்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மரக்கன்று நடும் விழாக்களின் படங்கள் தங்கள் நாளிதழில் வெளியாகின்றன. அதே இடத்துக்கு ஓராண்டு கழித்து ஒரு நிருபரை அனுப்பி, அங்கே என்ன நிற்கிறது என்பதையும் அதே அளவுப் படமாக வெளியிட வேண்டுகிறேன். கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியில் தேங்காய்த்திட்டுப் பகுதியிலும் எங்கே போய்ப் பார்க்கலாம் என்று காட்ட, உடன் வரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஐப்பசி பிறந்து மழை பிடிப்பதற்கு முன், தூர்ந்துபோன வாய்க்கால்களையும் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
பரங்கிப்பேட்டை, கடலூர் மாவட்டம்.