கழுத்துக் குழாய் அடைப்பு: இரண்டு வாரம்தான் கெடு

ஆசிரியருக்கு,

ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் இருட்டி, ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டால் பலரும் கண்ணாடிக் கடைக்குத்தான் போகிறார்கள். அது மினி ஸ்ட்ரோக்காக, அதாவது சிறிது நேரமே நீடிக்கும் பக்கவாதமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்க் கழுத்துக்கு, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்தக் கண் பக்கத்தில், கழுத்து வழியே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் குழாய் 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால், இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வதில்தான் பலன் அதிகம். 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தப் பக்க மூளையில் பக்கவாதம் வரும் அபாயம் மருந்தோடு நின்றவர்களுக்கு 26 சதவீதம். அறுவை செய்துகொண்டவர்களுக்கு 9. முழுவதும் அடைபட்ட குழாயை வழக்கமாகத் தொடுவதில்லை.

அறுவையின்போது, ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் மருந்து ஏற்றி, மேலும் கீழும் கிளாம்ப் (கவ்வி) போட்டு, குழாயைத் திறந்து, மஞ்சளாய்த் தடித்த படிவை உள்சுவரோடு உரித்தெடுப்பார்கள். மேல்முனையில் சிறு பிசிறு தொங்கினாலும் ரத்தம் அதைக் கிளப்பி மீண்டும் அடைத்துவிடும். திறந்த இடத்தை வெறுமனே தைத்தால் குழாய் குறுகும். ஒட்டு வைத்துத் தைப்பதே நல்லது.

அறுவைக்குப் பிறகு கழுத்து வீங்கி மூச்சு திணறினால் நொடியும் தாமதிக்கக் கூடாது. நாக்கு ஒரு பக்கம் கோணுவது நரம்பு இழுபட்டதால். பெரும்பாலும் தானே சரியாகும். சில நாளில் பிரஷர் ஏறி, அறுவை செய்த பக்கம் தலை வலித்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரினைத் தாங்களாக நிறுத்த வேண்டாம்.

– ரத்தநாள அறுவை மருத்துவர், மதுரை