ரோட்டைப் பார்த்த கண்ணாடி: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கும், இரண்டாவது கோபுரத்தை வடிவமைக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும்,

வணக்கம்.

மேற்குப் பக்கக் கண்ணாடியில் ஊழியர்கள் ஒட்டியிருக்கும் சார்ட் அட்டை, செய்தித்தாள், அட்டைப்பெட்டித் துண்டு அனைத்தையும் வெள்ளிக்கிழமைக்குள் அகற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. கட்டடத்தின் வெளித்தோற்றம் கெடுகிறதாம். அதே வாரத்தில்தான் புதிய கோபுரத்தின் படத்தை வரவேற்பறைத் திரையில் பார்த்தோம். அதே நீலக் கண்ணாடி, தரையிலிருந்து உச்சி வரை, அதே மேற்கு முகம்.

அட்டையை யாரும் அலங்காரத்துக்கு ஒட்டவில்லை. புகார்கள் உங்களிடம்தான் இருக்கின்றன, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மதியம் இரண்டரைக்கு மேல் மேற்கு வரிசையில் உட்கார்ந்தால் கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் காயும். மேசையிலிருக்கும் ஸ்டேப்ளரைத் தொட்டால் சுடும். ஜன்னல் திரையை இறக்கினால் கண் கூசாது, அவ்வளவுதான். வெயில் அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. சூடேறிய திரை எங்கள் மீதுதான் அனலடிக்கும். திரை இறங்கிவிட்டதால் பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரியும். ‘இயற்கை வெளிச்சம் நிறைந்த அலுவலகம்’ என்று கையேட்டில் போட்டிருக்கிறீர்கள்.

ஏசி பார்ப்பவர் வருவார். 24 டிகிரி காட்டுகிறதே, சரியாகத்தானே இருக்கிறது என்று புகாரை முடித்துவிட்டுப் போவார். பாவம், அவர் சொல்வது பொய்யில்லை. சென்சார் இருப்பது நடைவழித் தூணில். அது அளப்பது அங்குள்ள காற்றின் சூட்டை. எங்களைச் சுடுவது கண்ணாடி. எங்களுக்காகக் குளிரைக் கூட்டினால் நடு வரிசையில் இருப்பவர்கள் சால்வையைப் போர்த்திக்கொள்கிறார்கள். ஒரே தளத்தில் ஒரு பக்கம் கத்திரி, இன்னொரு பக்கம் மார்கழி.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். புதிய கோபுரத்தின் மேற்குச் சுவரைக் கண்ணாடியாக்காதீர்கள்.

ரோடு மேற்கே இருக்கிறது, முகப்பு ரோட்டைத்தானே பார்க்க வேண்டும் என்று ஊழியர் கூட்டத்தில் சொன்னீர்கள். சென்னை ஓ.எம்.ஆர் சாலையில் கடல் பக்கம் மனை வாங்கிய எல்லாரும் சொல்வது இதுதான். அதனால் லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை, ஜெனரேட்டர் எல்லாம் பின்பக்கம், அதாவது கடற்காற்று வரும் கிழக்கே. வேலை செய்கிறவர்கள் மேற்கே. ஜெனரேட்டருக்கு நல்ல காற்று.

கோலாலம்பூரை அடுத்த சுபாங் ஜெயாவும் நம்மூர் போலப் புழுக்கமான ஊர்தான். அங்கே மலேசியக் கட்டடக் கலைஞர் கென் யாங் 1992இல் கட்டி முடித்த 15 மாடி மெனாரா மெசினியாகா ஒரு கணினி நிறுவனத்தின் அலுவலகம். லிஃப்ட், படி, கழிப்பறைத் தொகுதியைக் காலை வெயிலுக்குக் குறுக்கே கிழக்கில் நிறுத்தினார். வெயில் படும் ஜன்னல்களுக்கு வெளியே அலுமினியத் தடுப்புகள் வைத்தார். லிஃப்ட் கூடத்துக்கும் கழிப்பறைக்கும் வெளிக்காற்றே போதுமென்று விட்டார். 1995இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. நம் மனைக்கு அந்தத் தொகுதியை மேற்கே திருப்பினால் போதும். 1980களில் சவூதியின் ஜெத்தாவில் எழுந்த 27 மாடி தேசிய வணிக வங்கியோ வெளியே வெறும் கல் சுவர்; ஜன்னல்களெல்லாம் உள்ளே, பல மாடி உயரத் திறப்புகளைப் பார்த்தபடி இருக்கின்றன. இதனால் வங்கியின் கௌரவம் குறைந்ததாகத் தெரியவில்லை.

இந்த முறை உயர்தரக் கண்ணாடி என்கிறீர்கள். 2017ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புக் கட்டட விதி நம் தட்பவெப்பத்துக்குக் கேட்பது, கண்ணாடி உள்ளே விடும் வெயில் சூட்டின் அளவு அதிகபட்சம் 0.27. அதாவது அந்தக் கண்ணாடியும் வெயிலின் சூட்டில் கால் பங்குக்கு மேல் உள்ளே விடலாம். அதே விதி ஜன்னல் பரப்பு சுவரில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. கணினி மாதிரியில் கட்டடத்தின் மொத்த எரிசக்திக் கணக்கை நேர் செய்துவிட்டால் தாண்டவும் வழி வைத்திருக்கிறது. நீங்கள் எந்த வழியில் போனீர்கள் என்பது படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சன்ஷேடு வைக்கிறோம் என்றும் சொல்லாதீர்கள். உச்சி வெயிலுக்கு அது சரி. நாலு மணி வெயில் சாய்வாக அதற்குக் கீழே நுழைந்துவிடும். அதை நிறுத்தச் செங்குத்துத் தடுப்போ முழுச் சுவரோ வேண்டும்.

உள்ளே வராத வெயில் எங்கே போகிறது என்பதையும் எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களிடம் கேட்கலாம். சாயங்காலம் அவர்களுக்கு இரண்டு சூரியன். லாபியில் பசுமைச் சான்றிதழ் பளபளக்கிறது. வாசல் புல்வெளிக்கு லாரித் தண்ணீர். சுற்றுச்சூழல் தினத்துக்கு எங்களுக்கெல்லாம் பாலியஸ்டர் பச்சை டி-ஷர்ட், அதைப் போட்டுக்கொண்டு அந்த மேற்கு வெயிலில் குரூப் போட்டோ!

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். தயவுசெய்து மேற்குச் சுவரைக் கண்ணாடியாக்க வேண்டாம். லிஃப்டையும் படியையும் கழிப்பறையையும் அங்கே கொண்டுபோங்கள். உட்காருகிறவர்களைக் கிழக்கிலும் வடக்கிலும் வையுங்கள். ஒவ்வொரு தளத்திலும் திறக்கக்கூடிய சில ஜன்னல்களாவது இருக்கட்டும், கரண்ட் போன நேரத்துக்கு. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் மே மாத நாலு மணி வெயில் எந்தத் தளத்தில் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்ற வரைபடத்தை ஊழியர் கூட்டத்தில் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். அதுவரை சுற்றறிக்கையை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
மேற்கு வரிசை ஊழியர்கள் சார்பில் ஒருவன்